வேப்பமரத்தடி ஜீப்புக்குள் இத்தனை விஷயமா? தெரியுமா?

திருவண்ணாமலை உச்சிக்கு மோட்டார் பாதை கிடையாது. தீபக் கொப்பரையே மனிதத் தோளில்தான் ஏறுகிறது! ஜீப்புக்கு வேலை இருப்பது பக்கத்தில் உள்ள ஜவ்வாது மலையில். ஜமுனாமரத்தூர் பக்கமோ மலையடிவாரத்திலோ, வேப்பமரத்தடியில் துருப்பிடித்து நிற்கும் பழைய ஜீப்பைப் பார்த்தால் கொஞ்சம் நின்று கவனியுங்கள். அது வீட்டு வாசலிலேயே ரிப்பேர் பார்க்கத் தோதாகப் பிறந்த வண்டி!

அது பிறந்த கதை தெரியுமா? 1940. நாலு சக்கரமும் இழுக்கிற, எடை குறைந்த வண்டி வேண்டும், மாதிரி வண்டி 49 நாளில் வந்தாக வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளைக் கேட்டது. கெடுவுக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது பேண்டம் என்ற சின்னக் கம்பெனி ஒன்றுதான். அதற்கு வரைபடம் போட கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற இன்ஜினியருக்கு ஆன நேரம் இரண்டே நாள்! பிறகு வில்லிஸ், ஃபோர்டு என்ற இரு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்து குவித்தன.

போர்க்களத்தில் ஒர்க்‌ஷாப் ஏது? சிப்பாயே ஸ்பேனரை எடுத்துச் சரிபார்க்க வேண்டும். அதனால் வந்த அதிசயங்களைப் பாருங்கள். ராணுவ வில்லிஸின் ஹெட்லைட்டை அப்படியே பின்பக்கம் திருப்பலாம். இருட்டில் பானட்டைத் திறந்து வேலை பார்க்கும்போது அந்த விளக்கே இன்ஜினுக்கு வெளிச்சம் தரும்! வண்டியைத் தயாரித்து 80 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைய கார்களில் இந்த வசதியைத் தேடிப் பாருங்கள். ஃபோர்டு செய்த ஜீப்பில் போல்ட் தலையில்கூட ‘எஃப்’ முத்திரை உண்டு. எது அசல் என்று சொல்வதற்கு உலகமெங்கும் ஜீப் பிரியர்கள் இன்றும் போல்ட் போல்டாகத் தேடுகிறார்கள்!

இடதுபக்கச் சக்கரத்து நட்டு எவ்வளவு அழுத்தினாலும் கழலவில்லையா? விட்டுவிடுங்கள், ஸ்டட் முறிந்துவிடும்! வில்லிஸ் ஜீப்பில் இடதுபக்கச் சக்கரங்களுக்கு எதிர்மறை மரை. வழக்கமாக இறுக்குகிற திசையில் திருப்பினால்தான் அது கழலும்.

வருடக்கணக்கில் ஓடாத பெட்ரோல் ஜீப்பா? உடனே செல்ஃப் போடவே கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஊறவையுங்கள். பிறகு முன்பக்கம் ஹேண்டிலைச் செருகி மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் இறுகியிருக்கிறதா என்று கையிலேயே தெரியும். ஹேண்டில் அடிக்கும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வையுங்கள். இன்ஜின் திருப்பி அடித்தால் கட்டைவிரல் எலும்பே போய்விடும்! பிளக் வயர்களை மாற்றி மாட்டிவிட்டால் பயப்படாதீர்கள், வில்லிஸின் நாலு சிலிண்டருக்கும் தீப்பொறி வரிசை 1-3-4-2. இன்னொன்று, ராணுவ வில்லிஸின் பேட்டரி 6 வோல்ட். அவசரத்தில் 12 வோல்ட் மாட்டினால் பல்புகள் போச்சு.

மகிந்திரா ஜீப்பின் பானட் ஏன் அவ்வளவு உயரம் என்று யோசித்ததுண்டா? வில்லிஸின் புதிய ஹரிக்கேன் இன்ஜினில் உள்ளிழுக்கும் வால்வு மேலே ஹெட்டுக்கு ஏறியது. இன்ஜின் உயர்ந்தது, அதற்காக பானட்டையும் உயர்த்தினார்கள்! அந்த மகிந்திரா கம்பெனி 1945இல் லூதியானாவில் தொடங்கியபோது அதன் பெயர் மகிந்திரா & முகமது. பங்குதாரர் குலாம் முகமது பின்னாளில் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர்!

கிரிவலப் பாதை மாதிரி தார்ச்சாலையில் ஃபோர் வீல் கியரைப் போட்டு ஓட்டிக் காட்டுகிறவர்களைக் கண்டால் தடுத்துவிடுங்கள். முன் அச்சும் பின் அச்சும் இறுக்கமாகப் பிணைந்துவிடும். திருப்பத்தில் இரண்டுக்கும் சுற்றுக் கணக்கு ஒத்துவராது. மண்ணில் சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும், தாரில் அந்த இழுபறி முழுவதும் கியர் பாக்ஸிலும் ஜாயின்ட்டிலும்தான் இறங்கும். முன்னால் ஒரு அளவு டயர், பின்னால் ஒரு அளவு டயர் போட்டாலும் இதே கதி. காட்டாற்றைக் கடந்து வந்தால் அச்சு ஹவுசிங் ஆயிலைப் பாருங்கள். பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, அன்றே மாற்றுங்கள். ரேடியேட்டருக்கு உப்பு போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உள்ளே படிவு கட்டி, சித்திரை வெயிலில் இன்ஜின் கொதித்துவிடும்.

டார்ஜிலிங் மலைக்கு மேலே, 3,636 மீட்டர் உயரத்தில் உள்ள சந்தக்பூவுக்கு 1950களின் லேண்ட் ரோவர்கள் ஏறி இறங்கியிருக்கின்றன என்றால் நம்ப முடிகிறதா? உள்ளூர் மெக்கானிக்குகளின் கைவண்ணம்! அந்த லேண்ட் ரோவரின் முதல் மாதிரியே ஒரு ஜீப் சேசிஸ் மீதுதான் கட்டப்பட்டது.

வேலையில் இறங்கும் முன் ஒன்று: செங்கல்லை அடுக்கி, வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். இரும்பு ஸ்டாண்டு கட்டாயம். இன்னொரு சேதி: 50 ஆண்டு தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்கு ‘வின்டேஜ்’ பதிவு என்று 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது, நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்கு அடுத்து ‘விஏ’ வரும்! எனவே, தாத்தா ஓட்டிய ஜீப்பை எடைக்குப் போடும் முன், ஆர்.சி. புத்தகத்தை எடுத்து எந்த ஆண்டு வண்டி என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்!