சுரங்கத்தில் இறங்கிய தைலம்

யூகலிப்டஸ் தைலத்துக்கு மூக்கடைப்பைத் தவிர வேறு வேலை உண்டா என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். உண்டு. ஈயமும் துத்தநாகமும் எடுக்க ஒரு காலத்தில் அதைத்தான் ஊற்றினார்கள்.

ஊட்டிக் கடைகளில் வரிசை கட்டி நின்றாலும் மரம் ஆஸ்திரேலியாவுடையது. 1788இல் கைதிகளோடு சிட்னிக்கு வந்த கப்பல்களின் மருத்துவர் ஜான் வைட் அதன் எண்ணெயை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். வியாபாரமாக்கியவர் ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்துக் கடைக்காரர். 1850களில் மெல்போர்ன் பக்கம் காய்ச்சத் தொடங்கினார். நீலகிரிக்கு மரம் 1843இல் வந்து, பிறகு விறகுக்காகத் தோப்பு தோப்பாக நடப்பட்டது.

நான் சொல்ல வந்தது புரோக்கன் ஹில் கதை. நியூ சவுத் வேல்ஸின் அந்தச் சுரங்க ஊரில், துத்தநாகத்தைப் பிரிக்க வழியின்றி கழிவுத் தூளை மலைபோலக் குவித்துவைத்திருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழி கிடைத்தது. தூளைத் தண்ணீரில் கரைத்து, துளி எண்ணெய் விட்டு, காற்றை அடித்துக் கலக்க வேண்டும். உலோகத் தாதுத் துகளில் தண்ணீர் ஒட்டாது. அது காற்றுக் குமிழியைப் பற்றிக்கொண்டு மேலே வந்துவிடும். மணல் துகள் நனைந்து அடியில் தங்கும். அரிசி களையும்போது கனமான கல்தானே பாத்திரத்தின் அடியில் நிற்கும்? இங்கே கனமான உலோகம் மிதக்கிறது, லேசான மணல் மூழ்குகிறது! குமிழி சட்டென்று உடையாமல் நுரையாக நிற்க உதவியவற்றில் ஒன்று யூகலிப்டஸ் எண்ணெய். மேலே வந்த சாம்பல்நிற நுரையை வழித்தெடுத்தால் அதில் துத்தநாகமும் ஈயமும். வேறு எண்ணெய்களும் ரசாயனங்களும் பின்னாளில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

மூக்கு விஷயத்துக்கு வருவோம். தைலத்திலுள்ள சினியோல், குளிரை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. சில்லென்று காற்று போவதுபோலத் தோன்றுவதில் பெரும்பங்கு அதற்குத்தான். பெரியவர்களுக்கு அந்தச் சுகம் போதும், குற்றமில்லை. பச்சிளங்குழந்தையின் மூக்கடியில் தடவுவதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடலாம். இலையிலிருந்து வந்ததுதானே என்று புட்டியை எட்டும் உயரத்தில் வைக்கிறோம். ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம், நினைவும் தப்பலாம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.