இடிபாடுகளிலிருந்து எழுந்த முற்றங்கள்: சண்டிகர் பாறைத் தோட்டம் உருவானது எப்படி?

சண்டிகர்: இடிக்கப்பட்ட கட்டிடங்களின் கழிவுகளைக் கொண்டே பொதுமக்கள் கூடும் முற்றங்களை அமைக்க முடியும் என்பதற்கு, சுக்னா ஏரிக்கு அருகே அமைந்துள்ள 'ராக் கார்டன்' எனப்படும் பாறைத் தோட்டம் சான்றாக விளங்குகிறது. ஒன்றோடொன்று இணைந்த பல முற்றங்களால் ஆன இத்தோட்டம், சுமார் 40 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ளது.

பின்னணி

இதனை உருவாக்கிய நேக் சந்த், நாட்டுப் பிரிவினையின்போது சொந்த ஊரை இழந்து இந்தியா வந்தவர். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய அவர், சண்டிகர் நகரை அமைப்பதற்காக அகற்றப்பட்ட கிராமங்களின் இடிபாடுகளைச் சேகரித்தார். கட்டுமானத்துக்கு அனுமதியில்லாத வனப் பகுதியில், 1950களின் இறுதியில் யாரும் அறியாமல் பணியைத் தொடங்கினார். 1970களில் இது அதிகாரிகளுக்குத் தெரியவந்தபோது, தோட்டம் இடிக்கப்படும் நிலை ஏற்பட்டது. எனினும் பொதுமக்களின் ஆதரவால் அது காப்பாற்றப்பட்டு, 1976-ஆம் ஆண்டு பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. நேக் சந்துக்கு 1984-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வடிவமைப்பு முறை

வழக்கமான கட்டுமானத்தில் முதலில் வரைபடம் தயாராகும். பிறகே பொருள்கள் வாங்கப்படும். பழைய பொருள்களைப் பயன்படுத்தும்போது இவ்வரிசை தலைகீழாகிறது. கிடைத்த பொருள் எதற்குத் தகுதியானது என்பதே வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

பாறைத் தோட்டத்தில் காலி தார் பீப்பாய்களும், சிமெண்ட் கலவை நிரப்பி இறுகிய கோணிப்பைகளும் சுவர்களாயின. எடையைத் தாங்க இயலாத உடைந்த ஓடுகள், பீங்கான் துண்டுகள், வளையல் சில்லுகள் ஆகியவை சுவர்களின் மேற்பூச்சில் பதிக்கப்பட்டன. முற்றங்களுக்கு இடையே உள்ள தாழ்வான வாயில்களில் பார்வையாளர்கள் தலைகுனிந்தே நுழைய வேண்டும். இதனால் அடுத்துள்ள வெளி மேலும் விசாலமாகத் தோன்றுகிறது. பிற்காலத்தில் அமைக்கப்பட்ட பகுதியில், ஊஞ்சல்கள் தொங்கும் வளைவுகளும் திறந்தவெளி அரங்கமும் மக்கள் ஒன்றுகூடுவதற்கென்றே இடம்பெற்றன.

புதிய விதிகள்

கட்டுமான மற்றும் இடிபாட்டுக் கழிவுகளைக் கையாள்வதற்கான 2016-ஆம் ஆண்டு விதிகள், கழிவுகளைத் தரம் பிரிப்பதை வலியுறுத்தின. 2025-இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் வகுக்கப்பட்டன. இவற்றின்படி, 20,000 சதுர மீட்டர் மற்றும் அதற்கு மேற்பட்ட கட்டுமானப் பரப்பு கொண்ட திட்டங்கள், தாம் உருவாக்கும் கழிவுகளின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

மறுபயன்பாட்டுக்கு முன்னுதாரணமான இத்தோட்டமே முழுமையாகத் தப்பவில்லை. 2025 மார்ச் மாதம், உயர் நீதிமன்றத்துக்கான சாலை மற்றும் வாகன நிறுத்தப் பணிகளுக்காக, எதிர்ப்புகளுக்கிடையே அதன் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. இடிபாடுகளிலிருந்து எழுந்த தோட்டத்தின் சுவரே இடிபாடாயிற்று.