அப்பாவோட பழைய பிக்கப்ல ஆயில் லீக்கா? கியர்பாக்ஸை இறக்கச் சொல்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

அப்பா ஓட்டின பழைய டீசல் பிக்கப் ஒண்ணு ஊர்ல நிக்குது. நீங்க வெளியூர்ல மாசச் சம்பளத்துல இருக்கீங்க. லீவுக்குப் போறப்ப பார்த்தா வண்டிக்கு அடியில எண்ணெய்க் கறை. மெக்கானிக் குனிஞ்சு பார்த்துட்டு, "கியர்பாக்ஸ் லீக் தம்பி, இறக்கித்தான் பார்க்கணும்"னு ஒரு தொகை சொல்றார். அப்பா வண்டியாச்சே, பேரம் பேசவே மனசு வராது.

எனக்கு அப்படிச் சொன்ன தொகை 28,000 ரூபாய். ஒரு மாச ஈ.எம்.ஐ.யையும் வாடகையையும் சேர்த்தாக்கூட அவ்வளவு வராது. ஒரு நாள் டைம் கேட்டேன். அந்த ஒரு நாள்ல என்ன பண்ணலாம்னுதான் இந்தப் பதிவு.

முதல்ல, சொட்டுறது கியர் ஆயில்தானா? ராத்திரி சமதரையில நிறுத்தி, அடியில பெரிய அட்டைப்பெட்டியைப் பிரிச்சு விரிச்சு வைங்க. முன்சக்கரம் எங்க இருக்குன்னு அட்டையில ஒரு கோடு போட்டுக்கோங்க. காலையில சொட்டைத் தொட்டுப் பாருங்க. கெட்டியா, கந்தக வாடையோட இருந்தா கியர் ஆயில். கன்னங்கரேல்னு இருந்தா பெரும்பாலும் என்ஜின் ஆயில். சிவப்பா இருந்தா பவர் ஸ்டீயரிங் ஹோஸைப் பாருங்க, நிறைய வண்டில அதுக்குச் சிவப்பு ஆயில்தான் ஊத்துவாங்க. தண்ணி மாதிரி மெலிசா, வழவழன்னு இருந்தா அது கிளட்ச் ஆயிலா இருக்கலாம். ஹைட்ராலிக் கிளட்ச் வண்டில அந்தச் சின்ன சிலிண்டர் பெல் ஹவுசிங் பக்கத்துலயே உக்காந்திருக்கும். அது கசிஞ்சாலும் "கியர்பாக்ஸ் லீக்"னு பேர் வாங்கிடும்!

அடுத்து, எங்கிருந்து வருது? ஈரமா இருக்கிற இடமெல்லாம் லீக் ஆகுற இடம் இல்ல. ஓடுறப்ப காத்து ஆயிலைப் பின்னாடி தள்ளும், நின்னா கீழ வழியும். அதனால அடிப்பாகத்தை நல்லாக் கழுவிக் காயவிட்டு, 20 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து பாருங்க. முன்பக்கமா, உயரமா எது முதல்ல நனைஞ்சிருக்கோ அதுதான் ஆள். வெறும் ஜாக்கை நம்பி அடியில போகாதீங்க. சர்வீஸ் பிட் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோங்க.

டிரெயின் போல்ட்ல ஈரம்னா வாஷர் மாத்தினாப் போதும். ஸ்பீடோமீட்டர் கேபிள் சேருற இடம்னா ஒரு ஓ-ரிங். ரெண்டுமே சில்லறைக் காசு. வால்பக்கம், புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேருற இடத்துல நனைஞ்சிருந்தா ஆயில் சீல் போயிருக்கும். அதுக்குப் பொதுவா கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்ல, ஷாஃப்ட்டைக் கழட்டினாப் போதும். ஆனா சீல் மாத்துறதுக்கு முன்னாடி ஷாஃப்ட்டைக் கையால ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா அதைச் சரி பண்ணாம போடுற புது சீலும் சீக்கிரம் போயிடும்.

பெல் ஹவுசிங் அடியில சொட்டுதா? அப்ப மெக்கானிக் சொன்னது சரி, இறக்கித்தான் ஆகணும். கியர்பாக்ஸ் முன்சீலோ, என்ஜின் பின்சீலோ போயிருக்கும். இங்க மிச்சம் பிடிக்காதீங்க. ரெண்டு சீல், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாத்தையும் அப்பவே பார்த்துடுங்க. இறக்கி ஏத்துற கூலிதான் பெருசு. அதை ரெண்டு தடவை கொடுக்கிறதுதான் நஷ்டம்.

இன்னொண்ணு, பலபேர் பார்க்காதது: கியர்பாக்ஸ் மேல இருக்கிற பிரீதர். சேறு அடைச்சிருந்தா, சூட்டுல உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு போக வழியில்லாம ஆயிலை சீல் வழியாத் தள்ளும். எங்க வண்டில அதுதான் கதை. பிரீதரைச் சுத்தம் பண்ணி, வால் சீல் மாத்தி, ஆயில் ஊத்தி, கூலியோட 2,400 ரூபாய்.

அதுவரைக்கும் ஓட்டலாமானு கேட்டா, லெவல் பார்க்காம ஓட்டாதீங்க. சமதரையில ஃபில்லர் போல்ட்டைக் கழட்டினா ஆயில் பொதுவா ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் நிக்கணும். குறைஞ்சு ஓடினா பேரிங் தேயும், அப்புறம் அந்த 28,000 நிஜமாயிடும். ஆயில் மாத்துறதா இருந்தா, ஃபில்லர் போல்ட் கழலுதான்னு பார்த்துட்டு அப்புறம் கீழ் போல்ட்டைத் திறங்க. ஜி.எல்.-4 கேக்குற கியர்பாக்ஸ்ல கடைக்காரர் கொடுக்கிற ஜி.எல்.-5ஐ ஊத்தாதீங்க. சில ஜி.எல்.-5 ஆயில்ல இருக்கிற கந்தகச் சேர்மானம் உள்ள இருக்கிற பித்தளை ரிங்கை அரிக்கும்.

இன்ஷூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணலாமான்னு யோசிக்காதீங்க, தேய்மானத்துக்குக் காசு வராது. அதைவிட முக்கியம், ஆர்.சி. இன்னும் அப்பா பேர்லயே இருக்கா? இறந்த 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்லணும், 3 மாசத்துக்குள்ள ஃபார்ம் 31 கொடுத்துப் பேர் மாத்தணும். அது நடக்காம வண்டியை முறைப்படி விற்கவும் முடியாது.

எங்க வண்டியை விற்க அம்மா ஒத்துக்கலை. சித்தப்பா தோட்டத்துல வாழைத்தார் ஏத்த ஓடுது, டீசலும் எஃப்.சி. செலவும் அவர் பொறுப்பு. போன தடவை போனப்பவும் ராத்திரி அட்டை விரிச்சேன். காலையில அம்மாதான் முதல்ல போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னாங்க, "காஞ்சுதான்டா இருக்கு."