பெயரைச் சொல்லிக்கொண்டே போகும் விமானங்கள்

69 மில்லிமீட்டர் கம்பி. என் ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். கேபிள் டிவிக்காரர் விட்டுப்போன வயரின் நுனியை உரித்து, உள்ளே இருந்த செம்பு பூசிய கம்பியை அந்த அளவுக்கு நறுக்கி நிமிர்த்தினேன். அதே நீளத்தில் இன்னும் நான்கு துண்டுகளை வயரின் வெளிப்பின்னலோடு சேர்த்து முறுக்கி, குடைக்கம்பி மாதிரி கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டேன். மயிலாப்பூரில் எங்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில், ஒரு பிவிசி குழாயின் உச்சியில் இது நிற்கிறது. பார்த்தால் உடைந்த பொம்மைக் குடை. பெங்களூருக்கு மேலே 35,000 அடியில் போகிற விமானம் இதில் அகப்படுகிறது.

அளவு ஏன் 69? விமானங்கள் தங்களைப் பற்றி அறிவிக்கும் அலைவரிசை 1090 மெகாஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் 27.5 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு நீளமுள்ள கம்பி அந்த அலைக்கு நன்றாக இசைந்து கொடுக்கும். வீணைத் தந்தியின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள உறவு போலத்தான்.

அந்தக் காலத்து ஏற்பாடு கேள்வி பதிலாக இருந்தது. தரையிலிருந்து ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் "யார் நீ?" என்று கேட்கும், விமானம் 1090-இல் பதில் சொல்லும். இன்றும் இது நடக்கிறது. ஆனால் இப்போது யாரும் கேட்காமலே விமானம் தன் விவரங்களைச் சொல்லிக்கொண்டே போகிறது. இந்த முறைக்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். தான் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் வழியாகத் தானே கண்டுபிடித்து, விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை ஒலிபரப்பும். வேகமும் திசையும் அதே கணக்கு. பெயர் மட்டும் ஐந்து விநாடிக்கு ஒருமுறை. அமெரிக்காவில் பெரும்பாலான வான்பரப்பில் பறக்க 2020 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். இந்தச் செய்தியில் ரகசியக் குறியீடு எதுவும் கிடையாது. எல்லோரும் கேட்க வேண்டும் என்பதுதான் நோக்கமே, பக்கத்தில் பறக்கும் இன்னொரு விமானம் உட்பட.

கேட்பதற்குத் தேவைப்படும் கருவியின் கதை வேடிக்கையானது. வெளிநாடுகளில் கணினியில் டிவி பார்க்க யுஎஸ்பி குச்சிகள் விற்றார்கள். அவற்றில் பல ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்2832யு என்ற சில்லில் ஓடின. எஃப்எம் வானொலி கேட்கவும் வழி வைத்திருந்தார்கள். அதற்காக அந்தச் சில்லு வானலையைப் பிரித்துப் பார்க்காமல், அளந்த எண்களை அப்படியே கணினிக்குத் தள்ளிவிடும். 2012-இல் பின்லாந்தைச் சேர்ந்த ஆன்ட்டி பாலோசாரி என்ற நிரலாளர் இதைக் கவனித்தார். எண்கள் பச்சையாகக் கையில் கிடைத்தால், அவை டிவியா, எஃப்எம்மா, விமானமா என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஒரே நாளில் டிவி குச்சி சகலகலா வானொலியாகிவிட்டது. விமானச் செய்தியைப் பிரித்துத் தரும் டம்ப்1090 என்ற இலவச நிரலை எழுதியவர் இத்தாலிக்காரர் சால்வத்தோரே சான்ஃபிலிப்போ. ரெடிஸ் என்ற புகழ்பெற்ற தரவுத்தளத்தை உருவாக்கியவரும் அவர்தான். இன்று இதற்கென்றே செய்த குச்சி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது.

ஒரு செய்தி முடிய 120 மைக்ரோவிநாடி. ஒரு விநாடியை எட்டாயிரத்துச் சொச்சம் துண்டாக்கினால் ஒரு துண்டு. முதல் எட்டு மைக்ரோவிநாடியில் "இதோ வருகிறேன்" என்று நான்கு தட்டு. பிறகு 112 பிட். ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு மைக்ரோவிநாடி. அதன் முற்பாதியில் துடிப்பு வந்தால் 1, பிற்பாதியில் வந்தால் 0. சான்ஃபிலிப்போவின் நிரல் விநாடிக்கு 20 லட்சம் முறை அளந்து பார்க்கச் சொல்கிறது. அப்படியானால் ஒரு பிட்டுக்கு இரண்டே அளவுகள். இவ்வளவு சிக்கனத்தில் இது வேலை செய்வதே எனக்கு இன்னும் ஆச்சரியம். கடைசி 24 பிட்டுகள் சரிபார்ப்புக்கு. கணக்கு ஒத்துவராத செய்தி குப்பைக்குப் போகும்.

பிரித்த செய்தி திரையில் 28 எழுத்துகளாக ஓடும். பெரும்பாலும் 8டி என்று தொடங்கும். அடுத்த ஆறு எழுத்து அந்த விமானத்தின் நிரந்தர முகவரி. அது 80-லிருந்து 83-க்குள் தொடங்கினால் இந்தியாவில் பதிவானது. பெயர் மட்டும் டிக்கெட்டில் பார்த்ததுபோல் இருக்காது. இண்டிகோ டிக்கெட்டில் 6இ என்று இருக்கும். விமானம் ஐஜிஓ என்கிறது. எமிரேட்ஸ் யுஏஇ என்றும், ஸ்ரீலங்கன் ஏஎல்கே என்றும் சொல்லிக்கொள்ளும்.

இடத்தைச் சொல்லும் தந்திரம்தான் எனக்குப் பிடித்த பகுதி. முழு அட்சரேகை, தீர்க்கரேகையை அனுப்பப் பிட்டுகள் போதாது. ஒவ்வொன்றுக்கும் 17 பிட்தான். அதனால் வட தென் திசையில் உலகை முழுதாகச் சுற்றிவரும் வட்டத்தை 60 பட்டைகளாக வெட்டி, "என் பட்டைக்குள் இந்த இடத்தில் இருக்கிறேன்" என்று மட்டும் விமானம் சொல்லும். எந்தப் பட்டை என்று சொல்லாது. அடுத்த செய்தியில் அதே வட்டத்தை 59 பட்டைகளாக வெட்டிச் சொல்லும். பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு இது உடனே புரியும். "செவ்வாய்க்கிழமை" என்றால் எந்தச் செவ்வாய் என்று தெரியாது. "கிருத்திகை" என்றால் எந்த மாதத்துக் கிருத்திகை என்று தெரியாது. செவ்வாயும் கிருத்திகையும் கூடிய நாள் என்றால், ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒன்றுதான் தேறும். 60-ம் 59-ம் அப்படித்தான் கூடுகின்றன. இந்த இருவகைச் செய்தியும் கிடைத்தால் விமானம் இருக்கும் இடம் ஐந்து மீட்டர் நுணுக்கத்தில் விழுந்துவிடும்.

உயரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது காற்றழுத்தத்தை வைத்துச் சொல்லும் உயரம். கடல்மட்டத்தில் அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. ஆனி ஆடியில் சென்னையில் அழுத்தம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால் எங்கள் தலைக்கு மேல் இறங்கும் விமானத்தைத் திரை ஏறக்குறைய 200 அடி தூக்கிக் காட்டும்.

முதலில் குச்சியோடு வந்த ஆன்டெனாவைக் கூடத்து ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். இரண்டே விமானம், அதுவும் வெறுங்கண்ணுக்கே தெரிந்தவை. மாடிக்கு ஏற்றி 20 மீட்டர் வயரில் கீழே கொண்டுவந்தேன். இந்த அலைவரிசையில் அவ்வளவு வயர் சிக்னலில் பாதிக்கு மேல் தின்றுவிடும். கடைசியில் கைக்கடக்கமான ஒரு கணினியை டிபன் டப்பாவில் அடைத்து ஆன்டெனா அடியிலேயே வைத்தேன். மே மாதம் அது வெந்து நின்றுபோனது. டப்பாவுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, ஓட்டை போட்டு, நிழலுக்கு நகர்த்திய பிறகு ஓடுகிறது.

இந்த அலைகள் நேர்கோட்டில் போகிறவை. 35,000 அடியில் இருக்கும் விமானம், தடையே இல்லாவிட்டால், சுமார் 420 கிலோமீட்டர் தள்ளிவரை தெரியும். அதற்கு அப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். கடல் பக்கம் எனக்கு அந்த எல்லை கிட்டத்தட்டக் கிடைக்கிறது. வடமேற்கில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. ஒரு மாதம் பிடித்த இடங்களையெல்லாம் வரைபடத்தில் புள்ளி வைத்தால், அந்தத் திசையில் மட்டும் அப்பளத்தை யாரோ கடித்தது மாதிரி ஒரு வெட்டு.

இணையத்தில் நாம் பார்க்கும் விமான வரைபடங்கள் இப்படிப்பட்ட மாடிகளின் கூட்டுத்தொகைதான். ஃபிளைட்ரேடார்24, 2006-இல் சுவீடனின் இரண்டு விமானப் பித்தர்கள் கருவிகளை ஆங்காங்கே வைத்துத் தொடங்கியது. நடுக்கடலில் மாடி ஏது? அங்கே 2019 முதல் இரிடியம் செயற்கைக்கோள்கள் கேட்கின்றன. விமானமே வாயை மூடிக்கொண்டால் இந்த முறைக்கு வழியில்லை. 2014 மார்ச் 8 அன்று எம்எச்370 திரையிலிருந்து மறைந்தது அப்படித்தான். பொய் சொன்னாலும் பெரும்பாலும் நம்பத்தான் வேண்டும். போர் நடக்கும் பகுதிகளில் ஜிபிஎஸ்ஸைக் குழப்பும்போது, விமானம் தான் இல்லாத இடத்தைத் தன் இடமாகவே அறிவிக்கும்.

வாங்குவதற்கு முன் ஒன்று: நம் நாட்டில் வானொலிக் கருவிகளுக்கு உரிம விதிகள் உண்டு. உங்கள் கருவிக்கு எது பொருந்தும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சில நாள் பார்த்தால் விமானத்தைவிட அதன் ஒழுங்கு கண்ணில் படத் தொடங்கும். வளைகுடாவிலிருந்து சிங்கப்பூர் பக்கம் போகிறவை 35,000, 37,000 என்று ஒற்றைப்படையில்; திரும்புகிறவை 36,000, 38,000. எதிரெதிரே வந்தாலும் நடுவில் ஆயிரம் அடி.

எனக்குப் பிடித்த காட்சி சித்திரை வைகாசிப் பகலில் வரும். விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்கும். காலையில் மேல்காற்று, அதனால் மீனம்பாக்கத்துக்கு வருகிறவை கடலுக்கு மேல் வரிசை கட்டி, எங்கள் மாடியைத் தாண்டி, 25 என்ற ஓடுபாதை முனைக்கு இறங்கும். உச்சிப்பொழுதுக்குப் பக்கத்தில் கடல்காற்று ஏறும். கொடியில் காயும் வேட்டி அதுவரை கடல் பக்கம் பறந்தது, தொங்கி, தயங்கி, மேற்கே திரும்பும். நான் போய்த் திரையைப் பார்ப்பேன். கடல் மேல் வரிசை இன்னும் வந்துகொண்டிருக்கும். மேலும் மூன்று, நான்கு விமானங்கள் இறங்கும். அடுத்து வருவது கடலுக்குப் போகாமல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வளைந்து, 07 முனைக்கு நேராக நிற்கும். அதன்பின் மாடிக்கு மேல் வருகிறவை எல்லாம் கடலைப் பார்த்து ஏறுகிறவை.