வார விடுமுறை மாறியது. சாரணத் தலைவர்களின் கணக்கும் மாறியது

ஜொகூர் பாரு – 2024 அக்டோபர் 7-ஆம் தேதி, ஜொகூரின் இடைக்கால சுல்தான் துங்கு இஸ்மாயில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். 2025 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு என்பதே அது. 2014 ஜனவரி 1 தொடங்கி 11 ஆண்டுகள் நடைமுறையில் இருந்த வெள்ளி, சனி விடுமுறை அதோடு முடிவுக்கு வந்தது.

தனியார் நிறுவனங்களில் வேலை செய்யும் பெற்றோர் பலருக்கு அது நிம்மதி தந்த செய்தி. பிள்ளைகளுக்கும் தங்களுக்கும் ஒரே நாளில் விடுமுறை கிடைக்குமே! ஆனால், சாரணர் குழுக்களை நடத்தி வரும் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் அந்த அறிவிப்பு கூடவே ஒரு வேலையையும் கொண்டு வந்தது. 2025-ஆம் ஆண்டுக்கான முகாம், நடைப்பயணம், சின்னத் தேர்வு, தலைவர் பயிற்சி ஆகிய அனைத்துக்கும் மூன்று மாதத்திற்குள் புதிதாக நாள் குறிக்க வேண்டியதாயிற்று.

நாள் குறிப்பதில் அப்படி என்ன சிரமம் என்று கேட்கலாம். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் முன்னாள் சாரணர் ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். தாம் படித்த பள்ளியின் குழுவுக்கு உதவித் தலைவராக இருக்கிறார்; அதற்குச் சம்பளம் கிடையாது. பழைய முறையில் பள்ளிக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. அவருடைய தொழிற்சாலைக்கோ சனியும் ஞாயிறும். இருவருக்கும் பொதுவாகக் கிடைத்தது சனிக்கிழமை மட்டும்தான். சனிக்கிழமையும் வேலை என்றால் அந்த ஒரு நாளும் இல்லை. பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவர்களின் நிலைமையும் இதேதான்.

இரண்டு இரவு முகாம் என்றால் வியாழன் பிற்பகல் புறப்பட்டுச் சனிக்கிழமை திரும்ப வேண்டும். அதற்கு அவர் வெள்ளிக்கிழமை விடுப்பு எடுக்க வேண்டும்; வியாழன் அரை நாளும் போகும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு உறுதியான ஆண்டு விடுப்பு 8 நாள். இரண்டு ஆண்டு முடிந்தால் 12, ஐந்து ஆண்டு முடிந்தால் 16. வீட்டில் ஒரு காய்ச்சல், ஊரில் ஒரு திருமணம், கோயில் திருவிழா என்று போனபின் மிச்சமிருக்கும் நாள்களைத்தான் அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் முகாமுக்கு அவர் கொடுத்தார். ஜொகூரில் பல குழுக்களின் முகாம்கள் இப்படி யாரோ ஒருவரின் சொந்த விடுப்பில்தான் நடந்திருக்கின்றன என்பதைப் பெற்றோர் பலர் யோசித்ததில்லை.

இப்போது வெள்ளி மாலை புறப்பட்டு ஞாயிறு திரும்பலாம். விடுப்புச் செலவு குறைகிறது. ஆனால் புதிய இடிபாடுகளும் உண்டு. இடைநிலைப்பள்ளிக் குழுக்களில் மலாய், சீன மாணவர்களோடுதான் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எனவே, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிறகே புறப்பாட்டைப் பற்றிப் பேச முடியும். கூடாரம் அடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமையோ நம் சமூகத்தில் ஏற்கெனவே நிரம்பி வழியும் நாள். தேவார வகுப்பு, சமய வகுப்பு, திருமணம், பெயர் சூட்டு விழா எல்லாம் அன்றுதான். தோட்டத்தில் வாரம் முழுவதும் வேலை செய்யும் பெற்றோருக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிட வாய்ப்புள்ள நாளும் அதுவே.

இந்த ஒரு மாற்றம் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். கடந்த சில ஆண்டுகளில் மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் குழுக் கூட்டம், முகாம் எல்லாம் நின்றன. உலகச் சாரணர் அமைப்பு அவ்வாண்டு ஏப்ரலிலேயே இணையவழிச் சாரணர் சந்திப்பைச் சிறப்பாக ஏற்பாடு செய்தது. வீட்டில் கணினி இருந்த பிள்ளைகளுக்கு அது புது அனுபவம். அப்பாவின் ஒரே கைப்பேசியை நான்கு பிள்ளைகள் பங்கு போட்டுப் பாடம் படித்த தோட்ட வீடுகளில் சாரணியத்திற்கு முறை வரவில்லை. கயிற்றில் முடிச்சுப் போடத் தெரியாமலேயே சீருடைக்கு அளவு மாறிய பிள்ளைகள் உண்டு.

அதன்பின் பள்ளி நாள்காட்டி நகர்ந்தது. 2022-இல் பள்ளி ஆண்டு மார்ச் மாதம் தொடங்கியது. 2023, 2024-லும் மார்ச். 2025-இல் பிப்ரவரி. 2026-இல் மறுபடியும் ஜனவரி. ஒவ்வோர் ஆண்டும் உறுப்பினர் பதிவு, முகாம் காலம், தேர்வுக் காலம் எல்லாம் இடம் பெயர்ந்தன. இடையில் 2021-இல் யுபிஎஸ்ஆர் தேர்வும் 2022-இல் பிடி3 தேர்வும் நீக்கப்பட்டன. தேர்வு போனதால் புறப்பாடத்திற்கு நேரம் கூடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. ஆனால், பள்ளி அளவிலான மதிப்பீடு வந்தபின் ஆசிரியர்களின் மேசையில் தாள்கள் குறைந்தபாடில்லை.

வெயிலும் ஒரு மாற்றம்தான். 2023-இல் கடும் வெப்பம் காரணமாகப் பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகளைக் கல்வி அமைச்சு நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமாங்கியமில் நடந்த 25-ஆவது உலக ஜம்போரியில் பல நாட்டுச் சாரணர்கள் வெப்பத்தால் வாடினர். சூறாவளி நெருங்கியதால் முகாமையே பாதியில் காலி செய்தார்கள். வெளியில் நடப்பதையே அடிப்படையாகக் கொண்ட இயக்கத்திற்கு இது சின்ன விஷயமல்ல.

இவ்வளவுக்கும் நடுவே பிள்ளைகளின் புள்ளிக் கணக்கும் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்திற்கு 10 விழுக்காடு. வருகை, பொறுப்பு, பங்கேற்பு, அடைவு ஆகியவை பாஜ்எஸ்கே மதிப்பீட்டில் பதிவாக வேண்டும். டியூஷனுக்கும் இசை வகுப்புக்கும் காசு கட்ட முடியாத தோட்டக் குடும்பத்துப் பிள்ளைக்கு, பள்ளிச் சீருடை இயக்கம்தான் அந்தப் பத்து விழுக்காட்டுக்குக் கைக்கெட்டும் வழி. சாரணத் தலைவர் சோர்ந்து விலகிவிட்டால் அந்தப் பிள்ளை இழப்பது ஒரு முகாமை மட்டும் அல்ல. பெங்காக்காப் ராஜா எனப்படும் பேரரசர் சாரணர் விருதை நோக்கிப் போகும் மாணவருக்குப் பல ஆண்டு உழைப்பு அந்தரத்தில் நின்றுவிடும்.

எல்லா மாற்றங்களிலும் தலைவர்களுக்கு மனத்தளவில் கடினமானது இன்னொன்று. அதைப் பற்றிப் பொதுவில் அதிகம் பேசப்படுவதில்லை.

நம் குழுக்களில் தலைவர் என்றால் பிள்ளைகளுக்கு அண்ணன் மாதிரி, மாமா மாதிரி. முகாம் முடிந்து இருட்டிவிட்டால், வண்டி வசதி இல்லாத பிள்ளையைத் தம் மோட்டார் சைக்கிளில் ஏற்றித் தோட்டத்து லயன் வரை கொண்டுபோய் விட்டு வருவார். வீட்டில் பிரச்சினை என்றால் தனியே கூப்பிட்டு விசாரிப்பார். இரவில் கைப்பேசியில் ஆறுதல் சொல்வார். இதையெல்லாம் நல்ல மனத்தோடு செய்தவர்களே மிகப் பலர்.

உலகச் சாரணர் அமைப்பு 2021-இல் பிள்ளைகளின் பாதுகாப்புக்கான 'சேஃப் ஃப்ரம் ஹார்ம்' கொள்கையை உறுப்பு நாடுகளுக்குக் கட்டாயமாக்கியது. இந்த வகைப் பாதுகாப்பு முறையின் சாரம் எளிது. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனித்திருக்கக் கூடாது. பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் உறங்கக் கூடாது. தகவல் பெற்றோரும் இருக்கும் புலனக் குழுவில் போக வேண்டும், பிள்ளையின் எண்ணுக்குத் தனியாக அல்ல. சந்தேகம் எழுந்தால் மூடி மறைக்காமல் முறைப்படி தெரிவிக்க வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கச் சாரணர் அமைப்பு 2020 பிப்ரவரியில் திவால் பாதுகாப்பு கோரியபின், சிறுவயதில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகக் கூறி 82,000-க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கேட்டனர். 2022-இல் நீதிமன்றம் ஏற்ற இழப்பீட்டுத் திட்டத்தின் மதிப்பு 246 கோடி டாலர். பல பத்தாண்டுகளாக 'நம்ம ஆள்தானே' என்று யாரும் கேள்வி கேட்காமல் விட்டதன் விலை அது. மலேசியாவிலும் 2017-ஆம் ஆண்டு சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், பிள்ளைகளின் நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவர் குற்றம் செய்தால் கூடுதல் தண்டனை விதிக்கிறது. இத்தகைய குற்றம் பற்றித் தெரிந்தும் புகார் செய்யாதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். தன்னார்வலர் என்பதால் இதிலிருந்து விலக்கு இல்லை.

விதியின் நியாயம் புரிந்தாலும், இருபது ஆண்டு சேவை செய்த ஒருவருக்கு 'நீங்கள் இனிமேல் தனியாகப் பிள்ளையை ஏற்றிப் போகக் கூடாது' என்று கேட்கும்போது மனம் சுருங்கவே செய்யும். சந்தேகப்படுகிறார்களோ என்று ஒதுங்குபவர்களும் இருப்பார்கள். உண்மையில் இந்த விதி தலைவருக்கும் கவசம். இரண்டாவது பெரியவர் சாட்சியாக இருக்கும் இடத்தில் பொய்ப் புகாருக்கும் இடம் குறைவு. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒருவர் கிடைப்பதே அரிதாக உள்ள சின்னத் தமிழ்ப்பள்ளியில், இரண்டாவது பெரியவர் எங்கிருந்து வருவார்? 150 பேருக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகள் ஜொகூரிலும் உண்டு. அங்கே ஓர் ஆசிரியர் கால்பந்துக்கும் கதைப் போட்டிக்கும் சாரணியத்திற்கும் சேர்த்தே பொறுப்பு வகிப்பார்.

மாற்றத்தால் தலைவர்கள் தடுமாறுவது இங்கு மட்டும் நடப்பதல்ல. பிரிட்டனில் 1966-இல் வெளிவந்த ஓர் அறிக்கையின்படி, இயக்கத்தின் பெயரிலிருந்து 'பாய்' என்ற சொல்லை எடுத்தார்கள். அரைக்கால் சட்டைக்குப் பதில் முழுக்கால் சட்டை வந்தது. பயிற்சித் திட்டமும் மாறியது. பழைய முறையே வேண்டும் என்றவர்கள் 1970-இல் பேடன் பவல் பெயரில் தனி அமைப்பையே தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 1972-இல் நகரப் பிள்ளைகளை ஈர்ப்பதற்காக வெளிப்புறத் திறன்களுக்கான கட்டாயத்தைக் குறைத்தார்கள். உறுப்பினர் எண்ணிக்கை சரிந்தது. கடைசியில், ஓய்வு பெற்றிருந்த வில்லியம் ஹில்கோர்ட் ஊதியம் இல்லாமல் எழுதிக் கொடுத்த 1979 கையேட்டின் வழியாக முகாமும் காடும் திரும்பி வந்தன.

முழுக்கால் சட்டை வந்ததால் பிரிட்டனில் சாரணியம் அழியவில்லை. முகாமைத் தளர்த்தியதால் அமெரிக்காவில் அடி விழுந்தது. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. ஜொகூர்த் தலைவர்களுக்கும் நாள் மாறலாம், விதி மாறலாம், படிவம் இணையத்திற்குப் போகலாம். பிள்ளை வெளியே போவது நிற்கக் கூடாது.

அதை நிறுத்தாமல் நடத்த இயக்கத்திற்குள்ளேயே ஒரு பழைய வழி இருக்கிறது. 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் சோதனை முகாமிலேயே சிறுவர்களைச் சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனைத் தலைவனாக்கினார். பொதுவாக ஓர் அணியில் ஆறு முதல் எட்டுப் பேர். சமையல், கூடாரம், வருகைப் பதிவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நம் பள்ளிகளில் பல இடங்களில் இந்த அணிமுறை பெயரளவில் சுருங்கி, எல்லா வேலையும் ஆசிரியர் தலையில் விழுந்திருக்கிறது. பதினான்கு வயது அணித் தலைவி தன் அணிக்குச் சந்தைச் சாமான் பட்டியல் போடப் பழகிவிட்டால், தலைவருக்கு ஒரு முழு மாலை மிச்சமாகும். பட்டியலில் உப்பு விடுபடலாம். ஓர் இரவு உப்பில்லாத கறி தின்றால் அடுத்த முறை விடுபடாது.

இரண்டாவது வழி, பள்ளி முடித்த மூத்த சாரணர்களான கெலானாக்களைத் திரும்ப அழைப்பது. கல்லூரியிலோ வேலையிலோ இருக்கும் அவர்களுக்கு இப்போது சனி, ஞாயிறு பெரும்பாலும் காலியாக இருக்கும். 2025 மாற்றம் கொடுத்த நல்ல வாய்ப்பு இது. விருப்பமுள்ளவர்கள் மணிக்காயு பயிற்சிக்குப் போகலாம். 1919-இல் லண்டனுக்கு அருகே கில்வெல் பூங்காவில் தொடங்கிய பயிற்சிதான் இங்கே அந்தப் பெயரில் வழங்குகிறது. முடித்தவருக்குக் கழுத்தில் தோல் கயிற்றில் கோத்த இரண்டு மரமணிகள் கிடைக்கும்.

மூன்றாவது, பெற்றோர். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சாரணியத்திற்கு நன்கொடை கேட்டால் கை உயர்கிறது; ஒரு சனிக்கிழமை இரவு முகாமில் வந்து உட்காரக் கேட்டால் உயர்வதில்லை. பாதுகாப்பு விதி கேட்பது அந்த இரண்டாவது பெரியவரைத்தான். அவருக்கு முடிச்சுப் போடத் தெரிய வேண்டாம், சீருடையும் வேண்டாம். பள்ளியின் அனுமதியும் விதிகளைப் பற்றிய விளக்கமும் பெற்றுக்கொண்டு, இரவில் விழித்திருந்தால் போதும். தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளை முகாம் முடிந்ததும் வீட்டில் விட, ஒரே பாதையில் போகும் இரண்டு குடும்பங்கள் முறை வைத்துக்கொள்ளலாம். அப்போது தலைவர் தம் மோட்டார் சைக்கிளில் தனியாகவே வீடு திரும்பலாம்.

பள்ளி ஆண்டு ஜனவரிக்குத் திரும்பிவிட்டதால், குழுவின் ஆண்டுத் திட்டத்தை முந்தைய ஆண்டு இறுதி விடுமுறைக்கு முன்பே பெற்றோர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. எந்த ஞாயிறு கோயில் திருவிழா, எந்த வாரம் தேவார வகுப்புத் தேர்வு என்பதைத் தலைவர் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ள முடியும்.