சிந்தசைசர் ஒலிப்பதிவில் ஒலிக்குறைவும் இரைச்சலும்

இசைக்கருவிகளுட் பெரும்பாலன காற்றை நேரே அதிரச் செய்து ஒலியைப் பிறப்பிப்பன. நரம்பும் தோலும் துளையும் அத்தொழிலைப் புரிகின்றன. சிந்தசைசரோ இவற்றினின்றும் வேறானது. அதனுள்ளே நிகழ்வது மின்னலைவேயன்றி ஓசையன்று. ஒலிபெருக்கியை அடைந்த பின்னரே அது ஓசையாகின்றது. அமெரிக்கரான றொபேட் மோக் 1964 ஆம் ஆண்டில் அறிமுகஞ்செய்த கருவி முதல் இன்றைய கருவிகள் வரை யாவற்றையும் வடத்தின் வழியே நேராகப் பதிவுசெய்தல் கூடும். ஒலிவாங்கியும் அமைதியான அறையும் வேண்டா. ஆதலின் இதனினும் எளிய ஒலிப்பதிவு இல்லையெனப் பலர் கருதுவர். ஆயினும் பதிவை மீட்டுக் கேட்குங்கால் ஒலி மெலிந்திருத்தலும், பின்னணியில் இரைச்சலோ ரீங்காரமோ தொடர்தலும் அடிக்கடி நேர்வன.

இஃது அற்பமான குறையன்று. பாலொடு கலந்த நீரை அன்னம் பிரிக்கும் என்பது கவிமரபு. பதிவிற் கலந்த இரைச்சலைப் பிரித்தற்கோ அத்தகைய அன்னம் இல்லை. இரைச்சலைக் குறைக்கும் கணினி நிரல்கள் உளவெனினும், அவை இசையின் நுண்மையையும் ஓரளவு உடன்கொண்டே செல்லும். நன்றாக வாசிக்கப்பட்ட ஒரு பகுதி மறுமுறை அவ்வாறே அமையும் என்னும் உறுதியும் இல்லை. குறையின் காரணத்தை அறியாதார் கருவியையே பழித்துப் புதியதொன்றை வாங்கப் பணஞ் செலவிடுவர். உண்மையிற் குற்றம் பெரும்பாலும் கருவியில் அன்று, கருவிக்கும் கணினிக்கும் இடைப்பட்ட வழியிலேயே உள்ளது.

முதற்கண் ஒலிக்குறைவை நோக்குவோம். மின்சைகைகள் யாவும் ஓரளவின அல்ல. ஒலிவாங்கி தருவது சில மில்லிவோல்ற்று மட்டுமே. தொழில்முறைக் கருவிகளின் நியம அளவு ஏறத்தாழ 1.23 வோல்ற்று, வீட்டுக் கருவிகளின் நியம அளவு ஏறத்தாழ 0.32 வோல்ற்று. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏறக்குறைய 12 தெசிபெல் ஆகும். எனவே வீட்டளவிற் சைகை தரும் கருவியைத் தொழில்முறை அளவை எதிர்பார்க்கும் குதையில் இணைத்தால் ஒலி மெலிந்தே கேட்கும். மாறாக, ஒலிவாங்கிக்குரிய குதையில் இணைத்தால் ஒலி சிதைவுறும். ஆகவே இடைமுகக் கருவியில் 'லைன்' எனக் குறிக்கப்பட்ட குதையையே தெரிதல் வேண்டும். 1984 இல் வெளிவந்த ரோலண்ட் ஜூனோ 106 போன்ற சில கருவிகளின் பின்புறத்தில் வெளியீட்டளவை மாற்றும் ஆளியும் உண்டு. அது தாழ்நிலையிலிருப்பின் வேறெங்குத் தேடினும் குறை தீராது.

செருகியும் கவனிக்கத்தக்கது. தலையணி ஒலிபெருக்கிக்குரிய குதையில் இடவொலியும் வலவொலியும் ஒரே செருகியின் இரு தொடுகைகளில் வெளிவருகின்றன. அதனை மூன்று தொடுகையுள்ள வடத்தினாற் சமநிலைக் குதையொன்றில் இணைப்பின், அக்குதை ஒரு சைகையினின்று மற்றதைக் கழித்துவிடும். இரண்டிற்கும் பொதுவான ஒலி அற்றுப்போக, வெற்றோசையே எஞ்சும். ஒலி மெலிந்தும் உள்ளீடற்றும் கேட்பின் இக்காரணத்தை ஐயுறுக. முதன்மை வெளியீடுகளை இரு தனி வடங்களால் இணைத்தலே இதற்குப் பரிகாரம். ஒரு வடமே உளதாயின், 'மொனோ' என்னுங் குறியுடைய குதையையே பயன்படுத்துதல் வேண்டும்.

இனி இரைச்சலை ஆராய்வோம். கருவியின் ஒலிக்குமிழைக் காற்பங்கில் வைத்து, இடைமுகத்தில் 20 தெசிபெல் விரியலாக்கம் செய்வதாகக் கொள்வோம். சைகை பத்து மடங்காகும். வடத்திற் சேர்ந்த இரைச்சலும் அவ்வாறே பத்து மடங்காகும். கருவியிலேயே ஒலியை உயர்த்தினாலோ சைகை மட்டும் வளரும். வடத்தின் இரைச்சல் முன்போலவே நிற்கும். ஆதலால் ஒலியை ஊற்றிடத்தில் உயர்த்துக, இடைவழியில் உயர்த்தற்க என்பதே இங்குத் தலையாய விதி. எனினும் அளவு மீறலாகாது. எண்முறைப் பதிவில் உச்சவரம்பைக் கடந்த அலை தலைவெட்டுண்டு சிதையும். 24 பிற்றுப் பதிவின் கொள்கையளவிலான வீச்சு 144 தெசிபெல். 16 பிற்றுப் பதிவினதோ 96 தெசிபெல். ஆகவே 24 பிற்றுப் பதிவில் உச்ச ஒலியை வரம்புக்கு 12 தெசிபெல் கீழே நிறுத்தினும் இழப்பு ஏதுமில்லை. நான்கு சுரங்கள் ஒருங்கொலிக்கையில் அலைவீச்சம் ஒன்றினதைப் போல் நான்கு மடங்குவரை, அதாவது 12 தெசிபெல் வரை, உயரக்கூடும். எனவே பாடலின் மிகவுரத்த பகுதியை வாசித்தே அளவை நிருணயித்தல் முறையாகும்.

இரைச்சலின் பிறப்பிடத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கருவியின் ஒலிக்குமிழைப் பூச்சியத்திற்குத் திருப்புக. இரைச்சல் மறையின், அது குமிழுக்கு முன்னரே கருவியின் உள்ளே பிறப்பது. ஜூனோ 106 இன் 'கோரஸ்' சுற்று எழுப்பும் மெல்லிய சீறல் இவ்வகையினது. அதனைக் கருவியின் இயல்பெனக் கொண்டு, கோரசை நிறுத்திப் பதிவுசெய்யலாம். மறையாவிடின், வடத்தை இடைமுகத்தினின்று கழற்றுக. அப்பொழுதும் நிலைத்திருப்பின் குற்றம் இடைமுகத்தினது. நின்றுவிடின் வடத்தினதோ இணைப்பினதோ ஆகும்.

இணைப்பினாற் பிறக்கும் குற்றங்களுள் முதன்மையானது புவித்தொடுப்பு வளையம். கருவியும் கணினியும் தனித்தனியே புவித்தொடுப்புப் பெற்றிருக்க, வடத்தின் வெளிப்புறப் பின்னற்கம்பி அவ்விரண்டையும் மீண்டும் பிணைக்கின்றது. இவ்வாறமைந்த வளையத்தில் மின்வழங்கலின் மீடிறனையுடைய சிற்றோட்டம் பாயும். சாதாரண வடத்தில் அப்பின்னற்கம்பியே சைகையின் மீள்வழியுமாதலால், ரீங்காரம் இசையொடு கலக்கின்றது. இலங்கையில் வழங்கல் 50 ஏட்சு ஆதலின் 50, 100, 150 ஏட்சுகளில் அது கேட்கும். அமெரிக்காவில் 60 ஏட்சும் அதன் மடங்குகளுமாம். யு.எஸ்.பி. வடத்தை இணைத்ததும் எழுந்து, கணினியின் சுட்டியை அசைக்குந்தோறும் மாறும் கீச்சொலியும் இவ்வினத்ததே.

இதற்குப் பரிகாரங்கள் சில. இரு கருவிகளுக்கும் ஒரே மின்பலகையிலிருந்து வழங்கல் கொடுத்தல் முதலாவது. நிலைமாற்றி அமைந்த டி.ஐ. பெட்டியை இடையே வைத்து, மின்தொடர்பின்றிச் சைகையை மட்டும் கடத்துதல் இரண்டாவது. யு.எஸ்.பி. வடத்துக்குப் பதிலாகப் பழைய ஐம்முனை மிடி வடத்தைக் கையாளுதல் மூன்றாவது. 1983 இல் வகுக்கப்பட்ட அந்நியமத்தில், பெறும் முனையில் சைகை ஒளியின் வழியே கடத்தப்படுதலால் இரு கருவிகளும் மின்வழிப் பிணைவதில்லை.

செய்யத்தகாத பரிகாரம் ஒன்றும் உண்டு. மூன்று முனைச் செருகியின் புவிமுனையை நீக்கிவிட்டால் ரீங்காரம் நிற்கக்கூடும். ஆனாற் கருவியுள் உயிர்க்கம்பி உலோகக் கூட்டைத் தீண்டுமாயின், 230 வோல்ற்றும் வாசிப்போரின் உடல்வழியே புவியை நாடும். ரீங்காரம் பதிவைக் கெடுக்கும். இச்செயலோ உயிரையே போக்கும். ஆகலின் எக்காரணங்கொண்டும் புவிமுனையை நீக்கலாகாது.

சுருங்கக்கூறின், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பயனை நோக்குதலே இங்குக் கைக்கொள்ளத்தக்க முறை. பலவற்றை ஒருங்கே மாற்றுவோன் குறை தீர்ந்தாலும் அதன் காரணத்தை அறியான். அது மீண்டுந் தோன்றுகையில் முன்போலவே திகைப்பான். காரணத்தை அறிந்தவனுக்கோ அடுத்த முறை ஒரு குமிழைத் திருப்புவதும் ஒரு வடத்தைக் கழற்றுவதுமே போதுமானவை.