குளிர்க் கிடங்குக்கு அடியில் சென்னை மண்

குளிர்பதனக் கிடங்கு, அதாவது பேச்சுவழக்கில் கோல்ட் ஸ்டோரேஜ், ஒரே வகைக் கட்டடம் அன்று. வாழைக்கு 13 டிகிரி செல்சியஸ் போதும். அதற்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். ஆப்பிளுக்குப் பூஜ்யத்தை ஒட்டிய குளிர் வேண்டும். உறையவைத்த மீனும் இறாலும் மைனஸ் 18-க்கு மேல் ஏறக் கூடாது. ஐஸ்கிரீமை மைனஸ் 25 வரை இறக்கி வைப்பதுண்டு. கட்டுபவருக்கு இவையெல்லாம் இரண்டே இனம்: தண்ணீர் உறையும் நிலைக்கு மேலே உள்ளவை, கீழே உள்ளவை. முதல் இனத்தில் சுவரும் கூரையும் தரையும் வெப்பத்தைத் தடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. இரண்டாவது இனத்தில், அதாவது உறைகுளிர் அறைகளில், தரைக்கு அடியில் கிடக்கும் மண்ணும் கணக்கில் சேர்ந்துகொள்கிறது.

சென்னையில் அந்த மண் இடத்துக்கு இடம் மாறும். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் சார்னோக்கைட் பாறை வெளியிலேயே தெரிகிறது. கடற்கரை ஓரம் மணல். எண்ணூர்ப் பக்கம் கடல் படியவைத்த இளகிய களி. பள்ளிக்கரணையில் சதுப்பு. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு ஆகியவற்றின் ஓரங்களில் மணலும் வண்டலும் களியும் அடுக்கடுக்காக. மேற்கே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் களிப்பாறையும், அதன்மேல் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் களிமண்ணும் உண்டு. கிடங்குக்கு இடம் பார்ப்பவர்களோ துறைமுகம், நெடுஞ்சாலை, நில விலை ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். மண்ணின் முறை பத்திரப்பதிவுக்குப் பிறகே வருகிறது.

மண் பரிசோதனையின் அடிப்படை எளிது. துளை போட்டு, அடியில் ஒரு குழாயை நிறுத்தி, 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவைப்பார்கள். குழாய் 45 சென்டிமீட்டர் இறங்க வேண்டும்; அதில் கடைசி 30 சென்டிமீட்டருக்கு விழுந்த அடிகளே கணக்கு. இளகிய களியில் இரண்டு, மூன்று அடியிலேயே இறங்கிவிடும். சில இடங்களில் சுத்தியலை மேலே வைத்ததுமே தானாக அமிழும். சிதைந்த பாறையில் ஐம்பது அடித்தாலும் நகராது. பழைய ஏரிக்கரையை ஒட்டிய மனையில் இந்த இரண்டு கோடிகளும் ஒரே வேலிக்குள் கிடைக்கலாம்: ஒரு பாதி இயற்கை நிலம், மறுபாதி எப்போதோ கொட்டிய சவுடு. அதனால் நான்கு மூலைக்கு நான்கு துளை என்று நிறுத்திக்கொள்வது கஞ்சத்தனம். உறைகுளிர் அறை வரும் பகுதியின் நடுவிலும் துளை போட்டாக வேண்டும். அங்கே வண்டலின் அளவையும் நிலத்தடி நீர் மட்டத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். நீர் மட்டத்தை ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பார்ப்பதே உத்தமம்.

வண்டலைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. சென்னையில் சில மீட்டர் ஆழத்தில் மண் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 28 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. அதற்கு மேலே மைனஸ் 22 டிகிரியில் ஒரு அறை இரவு பகலாக ஓடுகிறது. இடையில் 150 மில்லிமீட்டர் வெப்பத்தடுப்புப் பலகை இருந்தாலும், அது வெப்பம் கடந்து போவதைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. அறையின் ஓரங்களுக்குப் பக்கவாட்டிலிருந்து சூடு வந்து சேரும். பெரிய தளத்தின் நடுப்பகுதிக்கோ ஆழத்திலிருந்து வரும் சூடு மட்டுமே கதி. ஆண்டுகள் போகப் போக அங்கே பூஜ்ய டிகிரிக் கோடு பலகையைத் தாண்டி மண்ணுக்குள் இறங்கக்கூடும். இந்த வெயில் ஊரில் மண் உறையுமா என்று சிரித்துவிட்டுத் தரையைச் சூடாக்கும் செலவை வெட்டுவது வழக்கமாக நடப்பது. மண் உறையும் நாளை வெயில் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

தண்ணீர் பனிக்கட்டியானால் கன அளவு சுமார் 9 சதவீதம் பெருகும். தரையைத் தூக்குவது அந்த ஒன்பது மட்டுமே என்றால் சமாளித்துவிடலாம். ஆனால் உறையும் விளிம்பு நுண்ணிய மண்ணில் கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்சி இழுக்கிறது. வந்த தண்ணீரும் உறைந்து, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மேலும் தண்ணீரை வரவழைத்து, கிடைமட்டப் பனித் தகடாகத் தடிக்கிறது. மணலில் இடைவெளிகள் பெரியவை, உறிஞ்சும் விசை இல்லை. கெட்டிக் களியில் விசை உண்டு, ஆனால் தண்ணீர் நகர்வது மிக மெதுவாக. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வண்டலில் விசையும் உண்டு, வழியும் உண்டு. ஆற்றோர நிலம் உறைகுளிர் அறைக்கு ஆகாதது இதனால்தான். முதலில் கதவு தரையில் உராயும்; பிறகு கான்கிரீட்டில் கீறல் ஓடும்; ரேக்குகள் சாயத் தொடங்கும்.

இதற்கு மாற்று, தரைக்கு அடியில் சூட்டை ஊட்டுவது. கீழிருந்து மேலாக, கெட்டிப்படுத்திய சரளை, சூடு தரும் குழாய்கள் பதித்த மெல்லிய கான்கிரீட், ஈரத்தடுப்புத் தாள், மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி இரண்டு அடுக்காக வெப்பத்தடுப்புப் பலகை, அதன்மேல் சுமை தாங்கும் கம்பிக் கான்கிரீட் தளம் என்று அடுக்குவார்கள். குழாயில் கிளைக்கால் என்ற உறைதடுப்பான் கலந்த தண்ணீரைச் சுற்றவிடலாம். அதைச் சூடாக்கக் குளிரூட்டும் இயந்திரமே வெளியே தள்ளும் வெப்பம் போதும். சென்னையில் இன்னும் மலிவான வழி, இருபுறமும் திறந்த குழாய்களில் வெளிக்காற்றை ஓடவிடுவது. மார்கழியிலும் அந்தக் காற்று 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆனால் அது ஈரக்காற்று. குளிர்ந்த குழாய்க்குள் வியர்த்துத் தண்ணீர் தேங்கும். குழாய்க்குச் சரிவு கொடுக்காவிட்டால் அந்தத் தண்ணீரே உறைந்து குழாயை அடைத்துவிடும்.

இளகிய களியுள்ள மனைகளில் சிக்கல் வேறு. லாரியின் பின்பலகைக்குச் சமமாகக் கிடங்குத் தரை சாலையிலிருந்து 1.2 மீட்டர் உயர வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அதற்கும் மேலே கேட்கிறார்கள். அந்த உயரத்துக்குச் சவுடு கொட்டினால், சரக்கு வருவதற்கு முன்பே சதுர மீட்டருக்கு இரண்டு டன்னுக்கு மேல் சுமை ஏறிவிடுகிறது. களி பல ஆண்டுகள் மெல்ல அமுங்கும். கட்டடத்தைப் பைல் மேல் நிறுத்தினாலும், அமுங்கும் களி பைலைப் பிடித்துத் தொங்கி அதன்மேல் கூடுதல் பாரத்தை ஏற்றும். களிக்குள் வடிகால் பட்டைகளைச் செருகி, மேலே மண்மேடு ஏற்றி, மாதக்கணக்கில் காத்திருந்து முன்கூட்டியே அமுங்கவைப்பது ஒரு வழி. மண்ணே கொட்டாமல், பைல் மேல் தரையைத் தொங்குதளமாகக் கட்டிக் கீழே வெற்றிடம் விடுவது இன்னொன்று. செலவு அதிகம் என்றாலும், அந்த வெற்றிடத்தில் காற்று ஓடுவதால் தரையைச் சூடாக்கும் வேலையும் சேர்ந்தே முடிகிறது. வெள்ளம் புகுந்தால் வடிய வழி மட்டும் இருக்க வேண்டும்.

மழையில் உப்பும் களிமண்ணுக்கு ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த, அடியில் குமிழ் விரிந்த பைல் பழகிய தீர்வு. பாறை நிலம் பெரிய தொல்லை தராது. பாதியை வெட்டி மறுபாதியை நிரப்பினால் மட்டும் இரண்டும் சேரும் கோட்டில் தளம் விரிசல் விடும்.

தரை ஏன் இவ்வளவு சமமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஃபோர்க்லிஃப்ட் பதில் சொல்லும். 1.3 மீட்டர் இடைவெளியுள்ள இரு சக்கரங்களுக்கு இடையே 3 மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு இருந்தால், 10 மீட்டர் உயரத்தில் பாலட் 23 மில்லிமீட்டர் விலகி நிற்கும்.

சுவர்களுக்குப் பஃப் (பாலியூரித்தேன் நுரை) பேனல் போதும்; கவனம் மூட்டுகளில் வேண்டும். சென்னைக் காற்றில் உள்ள நீராவியின் அழுத்தம் உறைகுளிர் அறைக்குள் இருப்பதைப்போல் சுமார் முப்பது மடங்கு. ஊசித்துளை கிடைத்தாலும் அது உள்ளே நுழைந்து பேனலுக்குள் பனியாகும். தரையின் ஈரத்தடுப்புத் தாளும் சுவரின் ஈரத்தடுப்பும் சந்திக்கும் மூலையில்தான் வேலை பெரும்பாலும் தவறுகிறது.

கட்டி முடித்ததும் ஒரேயடியாகக் குளிரூட்டினால் கான்கிரீட் சுருங்கி வெடிக்கும். நாளுக்குச் சில டிகிரியாக இறக்கி, பூஜ்யத்துக்குச் சற்று மேலே சில நாள் நிறுத்தி, ஈரத்தை வெளியேற்றிய பிறகே மேலும் இறக்க வேண்டும். தளத்துக்கு அடியில் பதித்த வெப்பநிலை உணரிகளின் அளவுகளை அன்றிலிருந்தே குறித்துவர வேண்டும்.

தரைக்கு அடியில் குழாய் இல்லாமல் காய்கறிக்கென்று கட்டிய அறையைப் பிற்பாடு மீனுக்கு மாற்றும் இடங்களில்தான் ஆபத்து அதிகம். தரை மேலெழுந்துவிட்டால் அறையைக் காலி செய்து, மண்ணை மாதக்கணக்கில் மெல்ல இளகவிடுவார்கள். பனித் தகடுகள் உருகிய இடத்தில் மண் சேறாகிவிடும். தளம் இறங்கினாலும் பழைய மட்டத்துக்கு வராது. அதை உடைத்து எடுத்து, அடியில் குழாய் பதித்து, புதிதாகத்தான் போட வேண்டும்.